தூங்கி வழிகிறாள் என்று அரைப்பேர் போட்டவருக்கு



போன வருஷம் மழைக்காலத்தில் எங்கள் டிவிஷனில் ஒரு தகராறு நடந்தது. பகல் நிறுவைக்குக் கொழுந்து கொண்டுவந்த ஓர் அக்கா, தராசடியில் கூடையை இறக்கிவைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து கண் அயர்ந்துவிட்டார். கணக்கப்பிள்ளை இரண்டு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டாராம். மூன்றாம் தடவை கூப்பிடவில்லை. செக்ரோலில் அரைப்பேர் எழுதிவிட்டுப் போய்விட்டார். அப்போது நாட்சம்பளம் 1350 ரூபாய். ஒரு கோழித் தூக்கத்துக்கு அந்த அக்கா கொடுத்த விலை 675 ரூபாய்.

அந்தக் கிழமை லேபர் டேயில் இதைத் துரையிடம் கொண்டுபோனோம். எங்கள் தலைவர் நன்றாகத்தான் பேசினார். மத்தியானம் வரை எடுத்த கொழுந்து கணக்கில் இருக்கிறது, கிலோவும் குறையவில்லை, பிறகு எதற்கு அரைப்பேர் என்று கேட்டார். துரை அந்த அக்காவை மேலும் கீழும் பார்த்தார். “ராத்திரியில தூங்காம இந்த அம்மா என்ன செய்யிறது? டிவியில நாடகம் பாக்கிறதா?” என்றார். ஒப்பீசில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வெளியே நின்ற நம் ஆட்களிலும் இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

மாதர் தலைவி என்று நானும் அங்கேதான் நின்றேன். எனக்குச் சீனி வருத்தம் வந்து 9 வருஷம். துரை கேட்ட கேள்விக்கு விடை எனக்குத் தெரியும். முதல் நாள் ராத்திரி நானே நாலு தடவை எழும்பியிருந்தேன். ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியில் நாலு தரம் ஒண்ணுக்குப் போகிறோம் ஐயா என்று அத்தனை ஆம்பிளைகள் நடுவே சொல்ல வெட்கம். அன்றைக்கு விழுங்கிய வார்த்தையை இந்தப் பத்திரிகையில் எழுதுகிறேன். அந்தத் துரை தமிழ் வாசிப்பாரோ தெரியாது. வாசித்துச் சொல்ல ஒப்பீசில் ஆள் இருக்கிறது.

துரை அவர்களே, அந்த அக்கா ராத்திரியில் என்ன செய்கிறார் என்று கேட்டீர்கள். கேளுங்கள். வேலை விட்டு வந்து, விறகு பொறுக்கி, தண்ணீர் பிடித்து, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, பாத்திரம் கழுவி அவர் பாயில் சாயும்போது பத்தரை ஆகிறது. பன்னிரண்டு மணிக்கு அடிவயிறு முட்டி எழும்புகிறார். எங்கள் லயத்துக்குக் கக்கூஸ் கோடிக்காம்பராவையும் தாண்டி, கல்படி இறங்கி, பணிய இருக்கிறது. லைட் கிடையாது. மழை என்றால் படி பாசி. இந்தப் பக்கம் சிறுத்தை வருவதை உங்கள் வாச்சரிடமே கேட்டுப் பாருங்கள். அதனால் தனியாகப் போவதில்லை, மகளை எழுப்புகிறார். மகளுக்குக் காலையில் பள்ளிக்கூடம். திரும்பி வந்து படுத்தால் தாகம். தண்ணீர் குடித்தால் மறுபடி போகவேண்டும், குடிக்காவிட்டால் நாக்கு ஒட்டுகிறது. அரை டம்ளர் குடித்துப் படுக்கிறார். உள்ளங்கால் எரியத் தொடங்குகிறது, மிளகாய்த் தூளை அரைத்துப் பூசியதுபோல. போர்வை பட்டாலும் வலி. காலைக் குளிர்ந்த சிமெந்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். இரண்டு மணிக்கு மறுபடி படி இறங்குகிறார். மூன்றரைக்கு மறுபடி. நாலரைக்கு அடுப்பு. பிறகு பெரட்டு. இதுதான் அவர் பார்க்கிற நாடகம்.

இது சோம்பேறித்தனமல்ல, வருத்தத்தின் குணம். ரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டும்போது சிறுநீரகத்தால் அதைத் தடுத்துவைக்க முடிவதில்லை. சீனி சிறுநீரில் இறங்குகிறது. இறங்கும் சீனி தண்ணீரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் அடிக்கடி போவதும் அடங்காத தாகமும். பல வருஷம் சீனி கூடியிருந்தால் காலுக்கு ஓடும் நரம்புகள் கெட்டுப்போகின்றன. அந்த எரிச்சலும் ஊசி குத்தலும் பகலில் வேலை மும்முரத்தில் தெரியாது, ராத்திரியில்தான் கூடும். வேறு சிலருக்குக் கால் எரியாது. ஆனால் சாய்ந்தவுடன் காலை ஆட்டாமல் இருக்கமுடியாத ஒரு குடைச்சல் வரும். இவை எல்லாவற்றுக்கும் கிளினிக்கில் பெயர் உண்டு, மருந்தும் உண்டு. நம் லயத்தில் இருக்கும் பெயர் ஒன்றுதான்: ‘வயசாச்சு’. அந்த அக்காவுக்கு வயது 44.

இன்னும் ஒன்று. குறட்டை. குறட்டை விட்டால் நல்ல தூக்கம் என்று நாம் நினைத்திருக்கிறோம். பெரிய சத்தமாகக் குறட்டை விட்டு, நடுவில் மூச்சே நின்று, பிறகு திணறிக்கொண்டு இழுக்கிறாரே அவர் தூங்கவில்லை. தொண்டை அடைபட்டு ராத்திரி முழுவதும் மூச்சுக்குப் போராடிக்கொண்டிருக்கிறார். சீனி வருத்தக்காரரிடையே, முக்கியமாக உடம்பு பருத்தவர்களிடையே, இது அதிகம். எட்டு மணித்தியாலம் படுத்தாலும் காலையில் தலை கனக்கும், உட்கார்ந்த இடத்தில் கண் சொருகும். உங்கள் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு அது தெரியாது. பக்கத்தில் படுப்பவர்தான் டொக்டரிடம் சொல்லவேண்டும்.

“சீனியைக் குறைச்சா எல்லாம் சரியாகிடும்” என்கிறார்கள். கிளினிக்கில் சொல்கிறார்கள், டிஸ்பென்சரியில் சொல்கிறார்கள், இரண்டு எழுத்துப் படித்த நம் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பாதி உண்மை. தேத்தண்ணியில் மூன்று கரண்டி போடுகிறோம், காலையில் கோதுமை மா ரொட்டி, மத்தியானம் ரொட்டி, ராத்திரி சோறு. இதில் நம் பிழையை நான் மறைக்கவில்லை. நானே இரண்டு வருஷம் ஒளித்து ஒளித்துக் குடித்தவள்தான். ஆனால் மலையில் கையில் பிடித்துத் தின்னக்கூடியது ரொட்டிதானே? கடனுக்குக் கிடைப்பதும் மாதானே? மரக்கறி விளைகிற மலைநாட்டில் இருந்துகொண்டு, சம்பளத்துக்கு அடுத்த கிழமை ஒரு கிலோ போஞ்சி வாங்க எத்தனை வீட்டில் முடியும்?

மறுபாதி உண்மையை யாரும் சொல்வதில்லை. சீனி கூடினால் தூக்கம் கெடும் என்பது ஒரு பக்கம். தூக்கம் கெட்டால் சீனி கூடும் என்பது மறுபக்கம். 1999 ஆம் ஆண்டில் அமெரிக்காவில், சிக்காகோ பல்கலைக்கழகத்தில் ஒரு பரிசோதனை செய்தார்கள். எந்த வருத்தமும் இல்லாத 11 வாலிபர்களை எடுத்து, ஆறு ராத்திரி, ராத்திரிக்கு நாலு மணித்தியாலம் மட்டும் படுக்கவிட்டார்கள். ஆறே நாளில் அவர்களுடைய உடம்பு சீனியைச் சமாளிக்கும் வேகம் தெளிவாகக் குறைந்துபோயிற்று. நல்ல கட்டில், நல்ல சாப்பாடு, சுமக்கக் கூடை இல்லை, வயதும் வாலிபம். ஆறு நாளில் அப்படி என்றால், 20 வருஷமாக நாலரைக்கு எழும்பும் நம் பெண்களின் உடம்பில் என்ன நடந்திருக்கும்? பெரிய ஆட்களுக்குக் குறைந்தது ஏழு மணித்தியாலத் தூக்கம் வேண்டும் என்று வைத்தியர்கள் சொல்கிறார்கள். சீனி வருத்தம் இல்லாத கொழுந்துக்காரப் பெண்ணுக்கே அது எட்டாத கனி.

ஆகவே குளிசையை மட்டும் கூட்டிக்கொண்டே போவதில் பலன் குறைவு. எனக்கு ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. ஒரு தடவையாவது ‘ராத்திரியில் எத்தனை மணித்தியாலம் தூங்குகிறீர்கள்’ என்று எந்தக் கிளினிக்கிலும் என்னைக் கேட்டதில்லை. அவர்களையும் முழுக்கக் குறை சொல்லமாட்டேன். ஒரு டொக்டருக்கு முன்னால் ஒரு காலையில் வரிசையாக எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று நான் பார்க்கிறேன். ஆனால் கேட்காவிட்டாலும் சொல்லவேண்டியது நம் வேலை. கால் எரிச்சலைச் சொல்லுங்கள். பனடோல் அதற்கு மருந்தல்ல. நரம்புக்கென்று வேறு மருந்து இருக்கிறது. பிரஷருக்கோ கால் வீக்கத்துக்கோ ஒண்ணுக்குப் போகவைக்கும் குளிசை தந்திருந்தால், அதைப் பின்னேரம் போடுகிறோமா காலையிலா என்று கேளுங்கள். எனக்கு அந்த ஒன்றைக் காலைக்கு மாற்றியதிலேயே ஒரு நடை குறைந்தது. எரிகிறதென்று காலைச் சுடுதண்ணீரில் வைப்பதும், குளிருகிறதென்று அடுப்பருகே நீட்டுவதும் வேண்டாம். உணர்ச்சி கெட்ட காலுக்குச் சுடுவது தெரியாது.

அந்த அக்காவின் கதை அரைப்பேரோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேனோ என்னவோ. ஒரு மாதம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, மகள் நல்ல தூக்கம் என்று எழுப்பாமல் தனியாகப் படியிறங்கியிருக்கிறார். வழுக்கி விழுந்தார். முழங்கை சிராய்த்தது, அதற்கு மஞ்சள் வைத்தார். வலது கால் பெருவிரலுக்குக் கீழே கல் வெட்டியது அவருக்குத் தெரியவேயில்லை. நரம்பு செத்த கால். மூன்று நாள் செருப்போடு மலைக்குப் போனார், அட்டை கடித்த இடம் என்று நினைத்தார். நாலாம் நாள் நாற்றம் வந்து மகள் பார்த்தாள். லொறி கிடைக்காமல் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். விரலை எடுத்துவிட்டார்கள். சரிவு மலையில் பெருவிரல் இல்லாமல் ஊன்றி நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று கொழுந்து எடுத்தவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. இப்போது அவருக்குப் பேர் போட யாரும் இல்லை, அரைப்பேரும் இல்லை.

ஒரு கக்கூஸ் லயத்துக்குப் பக்கத்தில் இருந்திருந்தால். படிக்கு ஒரு பல்ப் இருந்திருந்தால். கணக்குப் போடத் தெரிந்த நிர்வாகம் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும்.

லயத்தைப் பற்றிப் பேசினால் துரைமார் கைவிரிக்கிறார்கள். வீடு அரசாங்கத்தின் வேலை என்கிறார்கள். அரசாங்கத்துக்குப் போனால் காணி கம்பனியிடம் என்கிறார்கள். 1992இல் தோட்டங்களைக் கம்பனிகளின் கையில் கொடுத்த நாளிலிருந்து இந்தப் பந்து இரண்டு பக்கமும் போய்வந்துகொண்டிருக்கிறது. தோட்ட ஆஸ்பத்திரிகளில் சிலவற்றை அரசாங்கம் எடுத்தது, மற்றவை தோட்டத்தோடு கிடக்கின்றன. ஆனால் சட்டம் பழையது, தோழர்களே. 1912ஆம் ஆண்டிலேயே, வெள்ளைக்காரன் காலத்திலேயே, மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டமும் தொழிலாளர் நோய்கள் கட்டளைச் சட்டமும் வந்தன. லயங்களைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், வருத்தக்காரத் தொழிலாளிக்கு வைத்தியம் கிடைக்கச் செய்வதும் தோட்டத்தை நடத்துகிறவரின் கடமை என்று அன்றைக்கே எழுதிவைத்தார்கள். அவன் நம்மேல் இரக்கப்பட்டு எழுதவில்லை. ஆள் செத்தால் கொழுந்து எடுக்க ஆளில்லை என்று எழுதினான். அந்தச் சுயநலப் புத்திகூட இன்றைய நிர்வாகத்துக்கு இல்லையே என்பதுதான் என் ஆத்திரம்.

10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் ஆறு பேர். சுவர் கூரைவரை போகாத லயங்கள் இன்னும் இருக்கின்றன; முதல் காம்பராவில் இருமினால் ஆறாம் காம்பராவில் பிள்ளை எழும்புகிறது. இங்கே நம் வீட்டு ஆண்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபம் வந்தால் வரட்டும். சம்பள நாள் ராத்திரி குடித்துவிட்டு லயமே அதிரச் சத்தம் போடுகிறீர்களே, அது மறுநாள் காலையில் யாருடைய கூடையில் கிலோவாகக் குறைகிறது தெரியுமா? கோயில் திருவிழாவுக்கு விடியவிடியக் குழாய் கட்டிப் பாட்டுப் போடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். துரையிடம் தூக்கம் கேட்கப் போகிறவர்கள் முதலில் பக்கத்துக் காம்பராவுக்குத் தூக்கம் கொடுக்கவேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று குடிக்கிறவர்களும் உண்டு. சீனிக்குக் குளிசை போடுகிறவர், ஊசி போடுகிறவர், வெறும் வயிற்றில் சாராயம் குடித்துவிட்டுப் படுத்தால் ராத்திரியில் சீனி அளவுக்கு மீறி இறங்கிவிடும். சில பேர் காலையில் எழும்பாமலே போயிருக்கிறார்கள். டவுன் மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தூக்கக் குளிசை வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: மூச்சு நின்று நின்று குறட்டை விடுகிறவர் அதைப் போட்டால் நிற்கிற மூச்சு இன்னும் நீளமாக நிற்கும்.

சீனி இறங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதவேண்டியிருக்கிறது. நம் லயங்களில் அதற்கு வைத்தியம் பார்ப்பது பூசாரி. நடுராத்திரியில் ஒருவர் திடுக்கிட்டு எழும்புகிறார். உடம்பெல்லாம் வேர்வை, பாயே நனைந்திருக்கிறது. கை நடுங்குகிறது, நெஞ்சு அடிக்கிறது, கெட்ட கனவு, உளறல். காத்துக் கறுப்பு என்று வேப்பிலை அடிக்கிறோம். அவர் இன்சுலின் போடுகிறவராகவோ, கிளிபென்கிளமைட், கிளிக்ளசைட் போன்ற குளிசை போடுகிறவராகவோ இருந்தால் முதலில் சந்தேகிக்கவேண்டியது சீனி இறக்கத்தை. அளவு 70க்குக் கீழே போனால் ஆபத்து. வேப்பிலையைத் தேடுகிற நேரத்தில் மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கக் கொடுங்கள். கால் மணித்தியாலத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுங்கள். தெளிந்ததும் இரண்டு பிஸ்கட்டோ கொஞ்சம் சோறோ சாப்பிடவையுங்கள். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக்கூடாது. 1990க்கு அடித்து அம்புலன்ஸ் கூப்பிடுங்கள், அது காசில்லாத சேவை. அம்புலன்ஸ் லயத்துவரை வரமுடியாத தோட்டப் பாதை என்றால், அந்தப் பாதையும் ஒரு தொழிற்சங்கப் பிரச்சினைதான்.

ஏன் இறங்குகிறது? ராத்திரிச் சாப்பாடு பிந்துகிறது, அல்லது இல்லாமல் போகிறது. குளிசையை மட்டும் மறக்காமல் போடுகிறோம். மாதக் கடைசியில் இது நடக்கும். ஒரு தடவை அப்படிப் பயந்தவர் பிறகு இறங்கிவிடுமோ என்று தூங்காமலே கிடப்பார். அல்லது டொக்டரிடம் சொல்லாமலே குளிசையைப் பாதியாக்கிக்கொள்வார். இரண்டிலும் சீனி கூடும்.

ஸ்டோரில் ராத்திரி வேலை செய்யும் தம்பிமாருக்கு இது இன்னும் மோசம். கொழுந்து வாட்டுவதும் அரைப்பதும் ராத்திரியில்தான் நடக்கிறது, அதை மாற்றமுடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இன்சுலின் போடுகிற ஒருவரை இந்தக் கிழமை ராத்திரி, அடுத்த கிழமை பகல் என்று புரட்டிப் புரட்டிப் போட்டால் அவர் எப்போது ஊசி போடுவது, எப்போது சாப்பிடுவது? பகலில் அந்த லயச் சத்தத்தில் எப்படித் தூங்குவது? மெசினுக்கு முன்னால் சீனி இறங்கி விழுந்தால் கைதான் போகும். வைத்தியச் சீட்டோடு பகல் வேலை கேட்கிற தொழிலாளிக்குச் சம்பளம் குறையாமல் பகல் வேலை கொடுக்கவேண்டும் என்று நாம் கேட்பது சலுகையா?

சீனி வருத்தம் டவுன்காரர், பணக்காரர் வருத்தம் என்று இன்னும் சிலர் நினைக்கிறார்கள். 2005, 2006 ஆண்டுகளில் இலங்கையில் செய்த பெரிய ஆய்விலேயே, பெரியவர்களில் ஐந்து பேரில் ஒருவருக்குச் சீனி வருத்தமோ அதற்கு முந்தின கட்டமோ இருப்பதாகத் தெரிந்தது. வருத்தம் உள்ளவர்களிலும் மூன்றில் ஒரு பங்கினருக்குத் தங்களுக்கு அது இருப்பதே தெரியாமல் இருந்தது. அது 20 வருஷத்துக்கு முந்தின கணக்கு. ஆகவே ராத்திரியில் இரண்டு மூன்று தடவை எழும்புகிற எவரும், சீனி இருப்பதாகத் தெரியாதவரும், ஒரு தடவை இரத்தம் பார்த்துவிடுங்கள். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் 35 வயது தாண்டியவர்களுக்கு இலவசமாகப் பார்க்கிறார்கள்.

பார்க்கப் போகவேண்டுமே, அங்கேதான் உதைக்கிறது. மாதாந்தக் கிளினிக் என்றால் விடியக்காலை நாலு மணிக்கு எழும்பி, வெறும் வயிற்றோடு இரண்டு பஸ் மாறி, வரிசையில் நம்பர் எடுத்து, திரும்பி வரும்போது பின்னேரம். அன்றைய பேர் போச்சு. பஸ் காசும் போச்சு. அந்த ஒரு நாளை இழக்கமுடியாமல் எத்தனை பேர் மாறிமாறி மற்றவரிடம் கொப்பியைக் கொடுத்து மருந்து மட்டும் எடுத்துவரச் சொல்கிறோம்! டொக்டர் ஆளைப் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பதில்லை, தூக்கத்தைக் கேட்பதில்லை. எப்படிக் கேட்பார், வந்திருப்பது பக்கத்து வீட்டுக்காரி.

இங்கே நம் சங்கத்தையும் ஒரு கேள்வி கேட்கவேண்டும். சம்பளத்துக்காக நாம் போராடினோம், சரி. 2021இல் 1000 ரூபாய் வந்ததும் கிலோவைக் கூட்டி அதைப் பறிக்கப் பார்த்தார்கள், அதற்கும் ரோட்டில் இறங்கினோம். ஆனால் எத்தனை பேச்சுவார்த்தையில், எத்தனை கோரிக்கைக் கடிதத்தில், கக்கூஸும் பல்ப்பும் கிளினிக் நாளும் முதல் பக்கத்தில் இருந்தன? அவை எப்போதும் கடைசிப் பக்கத்தில், ‘நலன்புரி விடயங்கள்’ என்ற தலைப்பில் கிடக்கும். நேரம் போதாமல் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளப்படும். பேசப் போகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். மலையில் நாள் முழுவதும் ஒண்ணுக்குப் போக இடமில்லாமல் அடக்கிக்கொண்டு நிற்கிற பெண் மேசையில் இல்லை. அதற்காகவே தண்ணீர் குடிக்காமல் மலைக்குப் போய், சிறுநீர் எரிச்சல் வந்து, அதனாலும் ராத்திரித் தூக்கம் கெடுகிற பெண்கள் எத்தனை பேர்! இதைச் சங்கக் கூட்டத்தில் சொன்னபோது ஒரு பெரியவர் “இதெல்லாம் வீட்டுல பேசுற விசயம் தங்கச்சி” என்றார். வீட்டில் பேசி 150 வருஷம் ஆயிற்று.

வருகிற பேச்சுவார்த்தைக்கு எங்கள் மாதர் கிளை எழுதிக் கொடுத்திருப்பது பெரிய விஷயமொன்றுமல்ல. கிளினிக் கொப்பியில் முத்திரை இருந்தால் அந்த மாதக் கிளினிக் நாளுக்கு முழுப்பேர். லயப் படிகளுக்கும் கக்கூஸ் வழிக்கும் லைட், அதுவும் அடுத்த மழைக்கு முன்னால். கோடி லயத்துக்குப் பக்கத்தில் புதிதாக இரண்டு கக்கூஸ். டிஸ்பென்சரியில் சீனி பார்க்கும் சின்ன மெசினும் அதற்குரிய பட்டிகளும், ராத்திரியிலும் திறக்க ஆளோடு. மலையில் பெண்களுக்கு மறைவிடம். ஸ்டோரில் சீனி வருத்தக்காரருக்குப் பகல் வேலை. அந்த அக்காவுக்கு 675 ரூபாய்; விரலுக்கு விலை கேட்கவில்லை, ராத்திரியில் விழுந்தது வேலைக் காயமல்ல என்று சொல்வார்கள் என்று தெரியும். ஆனால் அவருக்கு உட்கார்ந்து செய்யும் வேலை ஒன்று, பிள்ளைக்காம்பராவிலோ நாற்று மேடையிலோ, கேட்டிருக்கிறோம்.

துரை மறுபடி அதே கேள்வியைக் கேட்பார். ராத்திரியில் என்ன செய்கிறீர்கள் என்பார். அப்போது வாயால் பேசினால் சிரிப்பார்கள். அதனால் எழுதிக் கொண்டுபோவோம். நம் கொழுந்தை ஒரு நாளைக்கு மூன்று தடவை நிறுத்து எழுதுகிறார்கள். நம் ராத்திரியை நாமே எழுதுவோம். பழைய பள்ளிக்கொப்பி ஒன்று போதும். இரண்டு கிழமைக்கு, ஒவ்வொரு நாளும் ஒரு வரி: எத்தனை மணிக்குப் படுத்தேன், எத்தனை தடவை எழும்பினேன், எதற்காக, எத்தனை மணிக்கு அடுப்பு மூட்டினேன். வேர்த்து நடுங்கினால் அதையும் எழுதுங்கள். எழுதத் தெரியாத அம்மாமாருக்குப் பேரப்பிள்ளைகள் கோடு போட்டுக் கொடுக்கலாம், ஒரு நடைக்கு ஒரு கோடு. அதே கொப்பியைக் கிளினிக்குக்கும் கொண்டுபோங்கள். டொக்டருக்கு அது இரத்தப் பரிசோதனைத் துண்டுக்குக் குறைவில்லாத தகவல். பிறகு உங்கள் டிவிஷன் மாதர் தலைவியிடம் கொடுங்கள். பெயர் போட விருப்பமில்லாவிட்டால் லய நம்பர் மட்டும் போதும்.

முதல் கொப்பி என்னுடையது. நேற்றைய வரி: படுத்தது 10.50. எழும்பியது 12.40, 2.15, 3.50. கால் எரிச்சல் ஒரு மணித்தியாலம். அடுப்பு 4.30.